வரைகலை மென்பொருளில் தமிழ் உதவிக் குறிப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரீசியஸில் தைப்பூசக் காவடி அழைப்பிதழையும் தமிழ் வகுப்புக்கான படத்தாள்களையும் கணினியில் வரைவோருக்கு இன்க்ஸ்கேப், கிரிட்டா போன்ற இலவச மென்பொருள்கள் ஏற்றவை. அவற்றின் உதவிக் குறிப்புகளைத் தமிழாக்க முன்வரும் இளைஞர்களுக்குச் சில செய்திகள்.

இன்க்ஸ்கேப்பில் ஒரு கருவியை எடுத்ததுமே சன்னலின் அடியில் ஒரு வரிக் குறிப்பு தோன்றும். செவ்வகம் வரையும்போது கன்ட்ரோல் விசையைப் பிடித்தால் சதுரமாக்கலாம், ஷிஃப்டைப் பிடித்தால் தொடங்கிய புள்ளியே நடுவாகும் என்பதையெல்லாம் அந்த வரிதான் சொல்கிறது. கை வேலையில் இருக்கும்போதே கண்ணில் படுவதால், தனிக் கையேட்டைவிட இதற்கே முதலில் உழைக்க வேண்டும். சன்னல் குறுகினால் வரியின் கடைசிப் பகுதி மறைந்துவிடும். தமிழில் வினை வருவதோ கடைசியில். "மூலையை வளைவாக்க வட்டப் பிடியை இழுக்கவும்" என்று எழுதினால் 'இழுக்கவும்' என்பதுதான் முதலில் காணாமல் போகும். என்ன செய்வதென்றே தெரியாது. "ஷிஃப்ட்: நடுவிலிருந்து வரையும்" என விசையை முன்னால் வைத்து, ஒவ்வொரு துண்டையும் மூன்று நான்கு சொற்களில் முடியுங்கள்.

கிரிட்டா, சன்னல்களையும் பொத்தான்களையும் அமைக்க உதவும் கியூட்டி (Qt) என்ற நிரல்தொகுப்பில் ஆனது. அதில் சுட்டியருகே தோன்றும் குறிப்பு, நேரம் தனியாகக் குறிக்காவிட்டால், 10 விநாடியில் தானே மறையும். நீளம் 100 குறியீடுகளைத் தாண்டினால் கூடுதலான ஒவ்வொன்றுக்கும் 40 மில்லி விநாடி சேரும். வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் மட்டும் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு ஒரு நீண்ட வாக்கியத்தை எழுத்துக்கூட்டி முடிக்க இது போதாது. நிரலாளரிடம் கேட்டு அந்த நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடிக்கடி நேரும் பிழை வேற்றுமை உருபில். மென்பொருளே பெயரை நிரப்பும் இடத்தில் 'ஐ' ஒட்டினால் 'அடுக்குஐ நீக்கு' என்று வந்து நிற்கும். அங்கே 'என்பதை' போடுங்கள். ஒரே வரியில் இப்படி இரண்டு இடங்கள் இருந்தால் அவற்றுக்கு வரிசை எண் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் தமிழ் நடைக்கேற்ப வரிசையை மாற்றினால் பெயர்கள் இடம் மாறிவிடும். மொழிபெயர்ப்பு வரிகளை வைத்திருக்கும் பி.ஓ. (.po) கோப்பில், 'இன்னும் சரிபார்க்க வேண்டும்' எனக் காட்டும் 'ஃபஸ்ஸி' (fuzzy) குறியை நீக்காத வரிகள் வழக்கமாக மென்பொருளில் சேரா. அங்கே ஆங்கிலமே தெரியும்.

எல்லாம் முடிந்தபின், 1366க்கு 768 புள்ளி அளவுள்ள மடிக்கணினித் திரையில் பக்கப் பலகங்களைத் திறந்து வைத்து, ஒவ்வொரு கருவியையும் எடுத்துக் கீழ்வரி முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பள்ளிகளில் இன்றும் அத்தகைய திரைகள் உண்டு.

இப்படிக்கு,
தமிழ்க் கணினிப் பயிற்றுநர்கள்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்