கிட்டார் கழுத்தில் பள்ளமா?

ஆசிரியருக்கு,

என்னிடம் படிக்கும் பையனின் எலெக்ட்ரிக் கிட்டார் மேசை விளிம்பில் இடித்து, கழுத்தின் பின்பக்கம் மிளகளவு பள்ளம். கடையில் கழுத்தையே மாற்றச் சொன்னார்களாம், அநியாயம்!

மரநார் அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால் ஆவியே போதும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து பள்ளத்தின் மேல் வைத்து, சூடான சால்டரிங் அயர்ன் (ஈயப்பற்று வைக்கும் கருவி) முனையால் துணியைச் சில நொடி தொட வேண்டும். 'உஸ்' என்று ஆவி இறங்கி நார் உப்பிவிடும். ஆறியதும் விரலால் தடவிப் பாருங்கள், குழி தட்டுப்பட்டால் இன்னொரு முறை. எண்ணெய் மட்டும் பூசிய மேப்பிள் மரக் கழுத்துக்கு அருமையாக வரும்.

பளபளக்கும் பாலியூரித்தேன் பூச்சு என்றால் ஆவி உள்ளே போகாது. அதற்கு ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, நன்றாகக் காய்ந்த அப்புறம் வாட்டர் பேப்பரால் (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துச் சமப்படுத்தலாம். பழைய கிட்டார்களில் இருக்கும் நைட்ரோ லாக்கர் என்ற பூச்சு ஆவி பட்டால் வெளுத்துப்போகும். அந்தக் கிட்டாரை வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள்.

கிட்டார் ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை