ஃபிளை பரிமாற்றம்: தபாலில் சேர்ப்பதற்கு முன்

நண்பர்களுக்கு வணக்கம். பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரும் ஃபிளையில், அதாவது தூண்டில் முள்ளில் இறகு சுற்றிச் செய்யும் போலிப் பூச்சியில், ஆளுக்கு ஒரு வகையாக 12 கட்டி, நவம்பர் 30க்குள் எனக்கு அனுப்புங்கள். பிரித்து, வகைக்கு ஒன்றாக எல்லோருக்கும் திருப்பி அனுப்புகிறேன். திரும்பும் தபாலுக்கு முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றும் உள்ளே இருக்கட்டும்.

வெறும் காகித உறையில் போடாதீர்கள். முத்திரை விழும் வேகத்தில் இறகு நசுங்கி, முள் காகிதத்தைத் துளைத்து வெளியே வரும். சின்ன பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு துண்டு தெர்மகோல், அது போதும். ஒவ்வொன்றின் முள் வளையத்திலும் பெயர், முள் எண், பயன்படுத்திய பொருள் எழுதிய சீட்டைக் கட்டுங்கள்.

நீலகிரி அவலாஞ்சியின் டிரவுட் மீனுக்கு 12, 14ஆம் எண் முள் சரியாக இருக்கும். மஹசீர் மீனுக்குக் கட்டுபவர்கள் தடித்த கம்பி முள்ளாகப் பாருங்கள்; மெல்லியதை அது நிமிர்த்திவிடும். ஃபெசன்ட் டெயில் என்ற வகையைக் கட்டுகிறவர்களுக்கு: அதை உருவாக்கிய ஃபிராங்க் சாயர் நூலே தொடாமல் செம்புக் கம்பியால்தான் சுற்றினார். பழைய மின்விசிறிக் காயிலைப் பிரித்தால் கம்பி இலவசம்!

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு, அந்த மெழுகுப் புள்ளி மினுங்குவது, வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை அது. சேவல் இறகு நம் ஊர்க் கறிக்கடையிலேயே கிடைக்கிறது. சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்திய பிறகு கட்டுங்கள். இல்லாவிட்டால் பூச்சியும் சேர்ந்து ஊர்வலம் வரும்.

என் முகவரியைத் தனிச்செய்தியில் கேளுங்கள்.