டிரையர் தயாரிப்பாளர்களே, அந்த அட்டவணையை எங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்

துணி உலர்த்தும் டிரையர்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும், வீட்டுக்கு வந்து அவற்றைப் பழுதுபார்க்கும் சேவை நிறுவனங்களுக்கும்,

வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். மின்சாதனங்களைக் கழற்றி மாட்டுவதில் பல வருடப் பழக்கம் உண்டு. அக்கம்பக்கத்தில் யார் வீட்டு டிரையர் மக்கர் பண்ணினாலும் மல்டிமீட்டரோடு போய்ப் பார்ப்பேன். உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்கள் இயந்திரத்தில் இருக்கும் வெப்பநிலை சென்சார் எந்தச் சூட்டில் எவ்வளவு மின்தடை காட்ட வேண்டும் என்ற அட்டவணையை வாங்கியவர்கள் பார்க்கும்படி வையுங்கள். பழுதுபார்க்க வருபவர், எதையும் மாற்றச் சொல்வதற்கு முன்னால், அதை வைத்து அளந்து பார்க்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

டிரம்மிலிருந்து ஈரக்காற்று வெளியேறும் வழியில், ஊதுவிசிறிக்குப் பக்கத்தில், விரல்நுனி அளவுக்கு ஒரு சின்னத் துண்டு இருக்கும். நான் சொல்லும் வெப்பநிலை சென்சார் அதுதான், பெயர் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைந்துகொண்டே வரும். பல டிரையர்களில் இருப்பது 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோஓம் (மின்தடையை அளக்கும் அலகு) காட்டும் வகை. ஐஸ் தண்ணீரில் வைத்தால் 32, 33 கிலோஓம் வரை போகும். 50 டிகிரியில் ஏறக்குறைய 3.6 கிலோஓம், 65 டிகிரியில் 2.1 கிலோஓம் என்று இறங்கும். இயந்திரத்தை இயக்கும் மின்சுற்றுப் பலகையான கன்ட்ரோல் போர்டுக்குச் சூடு தெரியாது, இந்த எண் மட்டும்தான் தெரியும். ஹீட்டரைப் போடுவதும் அணைப்பதும் இதை நம்பித்தான்.

வயர் அறுந்துவிட்டாலோ சென்சார் ஷார்ட் ஆகிவிட்டாலோ பிரச்சினை பெரிதில்லை. நடக்கவே முடியாத ஒரு வெப்பநிலையைப் பார்த்த போர்டு உடனே திரையில் பிழைக் குறியீடு காட்டி நின்றுவிடும். எல்ஜி டிரையர்களில் டி-இ-1 என்று வருவது இந்த வகைதான். சென்சாரை மாற்றினால் முடிந்தது.

குறியீடே காட்டாத பழுதுதான் ஆபத்தானது. ஈரமும் பஞ்சுத்தூசியும் சூடும் சேர்ந்த இடத்தில் இருக்கும் கனெக்டரில் நாளாக ஆகக் களிம்பு ஏறும். அந்த இடத்தில் ஒன்றரை கிலோஓம் கூடுதலாகச் சேர்ந்துகொண்டது என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் அளந்தால் 10 காட்ட வேண்டிய இடத்தில் 11.5 காட்டும். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம்தான், யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் இயந்திரம் சூடான பிறகு அதே ஒன்றரை கிலோஓம் எல்லாக் கணக்கையும் புரட்டிப் போட்டுவிடும். உண்மையில் 65 டிகிரி இருக்கும்போது போர்டுக்கு 50 என்று தெரியும். இன்னும் சூடு வேண்டும் என்று ஹீட்டரை ஓடவிடும். போர்டு 65 என்று நம்ப வேண்டுமானால் காற்று நூறு டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். பல வேர்ல்பூல் டிரையர்களில் ஊதுவிசிறிப் பக்கம் இருக்கும் தெர்மல் ஃபியூஸ், அதாவது சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புத் துண்டு, 91 டிகிரியிலேயே போய்விடும். அது ஒருமுறை போனால் போனதுதான், திரும்ப ஒட்டாது.

எங்கள் குடியிருப்பில் கைக்குழந்தை இருக்கும் ஒரு வீட்டில் இதுவேதான் நடந்தது. ஃபியூஸ் மாற்றுவார்கள், கொஞ்ச நாள் ஓடும், மறுபடி போய்விடும். சேவை நிறுவனத்திலிருந்து வந்தவர் சென்சாரைக் குளிர்ந்த நிலையில் அளந்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு, போர்டுதான் போயிருக்கு" என்றார். அந்த விலைக்குப் புது டிரையரே வாங்கிவிடலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். நான் போனபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சாரின் கால்களில் நேரடியாக ஒருமுறை, போர்டில் செருகும் முனையில் ஒருமுறை என்று அளந்தேன். இரண்டு எண்களும் ஒன்றாக இல்லை. நடுவில் இருந்த கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சை பிடித்துக் கிடந்தது. மாற்ற வேண்டியிருந்தது சில டாலர் மதிப்புள்ள ஒரு கனெக்டரும் ஒரு ஃபியூஸும் மட்டும்தான்.

வந்தவரை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்று கணக்கு வைத்து அவரை அனுப்புவது நீங்கள்தான். கையில் அட்டவணையும், "போர்டு முனையில், சூடாக இருக்கும்போது அளக்கவும்" என்ற ஒரு வரியும் இருந்திருந்தால் அவரும் கண்டுபிடித்திருப்பார்.

எல்லாப் பழியையும் சென்சார் மீது போடவும் முடியாது. ஃபியூஸ் போவதற்கு இன்னும் பொதுவான காரணம், காற்று போகும் குழாய் அடைத்துக்கொள்வது. அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு 4 அங்குலக் குழாய்க்கு 35 அடிதான் அனுமதிக்கிறது. செங்கோணமாக ஒரு சாதாரண வளைவு வந்தால் அதில் 5 அடியைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. பல அடுக்குமாடிகளில் குழாய் எங்கே போகிறது என்று குடியிருப்பவர்களுக்கே தெரிவதில்லை. 2008 முதல் 2010 வரையிலான தரவை வைத்து அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் சொன்னது: குடியிருப்புகளில் டிரையரால் வரும் தீ வருடத்துக்கு ஏறக்குறைய 2,900, அதில் சாகிறவர்கள் 5 பேர், காயப்படுகிறவர்கள் 100 பேர். முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விடுவது, 34 சதவீதம். குழாய் அடைப்பா, சென்சாரா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஃபியூஸை மட்டும் மாற்றிக்கொண்டே போவது, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பது மாதிரி.

இன்னொன்றும் உண்டு. இங்கே மின்சார டிரையரின் மோட்டாருக்கு 120 வோல்ட், ஹீட்டருக்கு 240 வோல்ட். பிரேக்கரின் இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் 240 வரும்; ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போனால் டிரம் சுற்றும், சூடு வராது. இதைப் பார்த்துவிட்டுச் சென்சாரைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈரத்தை உணரும் இரண்டு உலோகப் பட்டைகளில் டிரையர் ஷீட்டின் (துணியை மென்மையாக்க உள்ளே போடும் தாள்) மெழுகு படிந்திருந்தாலும் துணி காய்வதற்கு முன்பே இயந்திரம் நின்றுவிடும். ரப்பிங் ஆல்கஹாலில் துடைத்தால் சரியாகிவிடும். எது எது என்று அளந்தால்தான் தெரியும், அளந்த எண்ணை ஒப்பிட அட்டவணை வேண்டும்.

அட்டவணை கொடுப்பது முடியாத காரியம் இல்லை. பல வேர்ல்பூல் டிரையர்களின் உறைக்குள்ளேயே டெக் ஷீட் என்று ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்கள். சென்சார் அட்டவணையும் சோதனை முறையும் அதில் இருக்கும். எல்லோரும் அதைச் செய்யலாமே?

சட்டமும் இப்போது எங்கள் பக்கம்தான். கலிஃபோர்னியாவின் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மொத்தவிலை 100 டாலரோ அதற்கு மேலோ உள்ள சாதனம் என்றால், அந்த மாடலின் தயாரிப்பு நின்ற பிறகும் 7 வருடம் உதிரிபாகம், கருவி, ஆவணம் எல்லாம் நியாயமான முறையில் கிடைக்க வேண்டும். வாங்கியவருக்கும் கொடுக்க வேண்டும், வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும், பழுதுபார்ப்பதையும் உள்ளடக்கிய டிரையர்களுக்கான புதிய விதிகள் 2025 ஜூலை 1 முதல் வந்துவிட்டன. அதனால் நான் சலுகை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் நீங்கள் வைத்திருப்பதை, பின்பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டுங்கள் என்கிறேன். நான்கு வெப்பநிலை, நான்கு எண், எங்கே அளக்க வேண்டும் என்று ஒரு சின்னப் படம், அளப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கு என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. போதும்.

சேவை நிறுவனங்களிடம் கேட்பது: போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லும் ஒவ்வொரு பில்லிலும், சென்சாரின் காலில் அளந்த எண்ணையும் போர்டு முனையில் அளந்த எண்ணையும், அப்போது எவ்வளவு சூடு இருந்தது என்பதையும் எழுதிக் கொடுங்கள். அவை இல்லாத பில்லுக்கு போர்டின் விலையை வாங்காதீர்கள்.

நன்றி.