நேர மேலாண்மைக் கோர்ஸ் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. புது வேலையில் உனக்கு மேலே இருப்பவர் நல்ல மாதிரி என்று படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது, பழைய இடத்தில் நீ பட்டது போதும். மகள் பரீட்சை ரிசல்ட் வந்ததும் முதலில் எனக்குச் சொல்லு. இங்கே எல்லோரும் நலம். மாமியாருக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை, பிசியோதெரபி நடக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த ஆன்லைன் கோர்ஸை முடித்துவிட்டேன், சான்றிதழும் வந்துவிட்டது. முடித்ததே பெரிய விஷயம்தான் போலிருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியும் ஹார்வர்டும் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று நடத்திய ஆன்லைன் வகுப்புகளின் கணக்கை 2019இல் சயின்ஸ் இதழில் போட்டிருந்தார்கள், அதில் 2017-18இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூடக் கடைசிவரை வரவில்லை. காசு கட்டிச் சேர்ந்தவர்கள் மட்டும் பல மடங்கு அதிகமாக முடித்திருக்கிறார்கள். போன காசு பின்னாலிருந்து தள்ளும் என்றுதான் நானும் கட்டிச் சேர்ந்தேன்.

சேரலாமா என்று கேட்டால், சேரலாம். ஆனால் ஒரே நாளுக்குள் இன்னும் நிறைய வேலையைத் திணிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்துச் சேராதே. எனக்கு நடந்தது நேர் எதிர், எவ்வளவு வேலைதான் ஒரு நாளில் நடக்கும் என்பது தெரிந்துபோய், லிஸ்ட் பாதியாகிவிட்டது!

முதல் பாடங்கள் எல்லாம் உனக்கும் தெரிந்தவைதான். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று டைமர் வைத்துக்கொள்ளும் பொமொடோரோ முறை. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது, பொமொடோரோ என்றால் தக்காளியாம். கணக்குப் பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது, யோசித்து எழுத வேண்டிய வேலைக்குச் சூடு பிடிக்கும்போதே மணி அடித்துவிடுகிறது. அப்புறம் அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் பெயரில் அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போடுவது. கட்டம் நல்ல கட்டம்தான், எங்கள் அலுவலகத்தில் வருகிற எல்லா மெயிலிலும் அனுப்புகிறவரே ‘அவசரம்’ என்று போட்டுவிடுகிறார், நான் எந்தக் கட்டத்தில் வைத்தால் யாருக்கு என்ன?

கொடுத்த நேரம் முழுவதையும் வேலை நிரப்பிக்கொள்ளும் என்ற பார்க்கின்சன் விதியையும் பெரிய அறிவியல் உண்மை மாதிரி நடத்தினார்கள். அதைப் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1955இல் எகானமிஸ்ட் இதழில் எழுதியது அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்து. பிரிட்டிஷ் கடற்படையில் கப்பல்கள் குறையக் குறைய அலுவலக அதிகாரிகள் கூடிக்கொண்டே போன கதை அது. அதைக் கொண்டுவந்து நம் தலையில் ‘கெடுவைச் சுருக்கு’ என்று கட்டுகிறார்கள்.

கொடுத்த காசுக்கு மதிப்பாக இருந்தது ஒரே ஒரு வாரத்துப் பாடம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாம் போடும் கணக்கு ஏன் எப்போதும் குறைவாகவே இருக்கிறது என்பது பற்றியது. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இலேயே இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994இல் வந்த ஒரு ஆய்வைக் கேள். பட்டப்படிப்புக் கடைசி ஆண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள், சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள், அதற்குச் சொன்னது 49. உண்மையில் ஆனது 55க்கும் மேல். கெட்டதை நினைத்துப் போட்ட கணக்கே பத்தவில்லை பார். இந்த வேலை எப்படி நடக்கும் என்று கற்பனை செய்கிறோமே தவிர, இதே மாதிரி வேலை போன தடவை எவ்வளவு இழுத்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை, அதுதான் காரணமாம்.

அதனால் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, நினைத்த நேரம் ஒன்றில், ஆன நேரம் இன்னொன்றில் என்று எழுத ஆரம்பித்தேன். மாத அறிக்கைக்கு அரை நாள் போதும் என்பது எங்கள் பிரிவில் காலங்காலமாகச் சொல்லப்படுவது. நோட்டைப் பார்த்தால் முழு நாளும் போய் மறுநாளும் கொஞ்சம் தொடுகிறது, ஏனென்றால் மற்ற பிரிவுகளிலிருந்து எண்கள் வந்து சேரவே மதியம் ஆகிவிடும், வந்ததில் பாதி ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. நோட்டை மேனேஜரிடம் காட்டினேன். திட்டவில்லை, அறிக்கை நாளில் மீட்டிங் வைக்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். காலையில் இரண்டு மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காதே, கதவைச் சாத்திக்கொள் என்கிறார் வாத்தியார். யார் வீட்டுக் கதவை? நம் நேரத்துக்கு நாமே முதலாளி என்று நினைத்துக்கொண்டு செய்த கோர்ஸ் இது. எழுந்து எழுந்து போக வேண்டியவர்களுக்கு அதில் உருப்படியாக இருந்தது ஒன்றுதான். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் மனதில் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதியிருக்கிறார். எழுவதற்கு முன் எங்கே நிறுத்தினேன், வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி குறித்துவிட்டுப் போனால் அந்தப் பிடுங்கல் குறைகிறது. மாமியார் கூப்பிடும்போது இப்போது எரிச்சலில்லாமல் எழுந்து போக முடிகிறது, நம்பு.

இதெல்லாம் நிஜமாகவே பலன் தருமா என்று நீ கேட்பாய், உன்னைத் தெரியாதா. 2021இல் நேர மேலாண்மை பற்றிய 158 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வேலைத் திறனோடும் ஓரளவு தொடர்பு இருக்கிறதாம், ஆனால் அதைவிட வாழ்க்கையில் திருப்தியாக இருப்பதோடுதான் தொடர்பு அதிகம். கோர்ஸ் விளம்பரத்தில் இதை ஏன் போடுவதில்லை என்று புரிகிறது, உன்னை அனுப்பிப் படிக்கவைக்கும் கம்பெனிக்கு உன் திருப்தியால் என்ன லாபம்.

சேர்வதாக இருந்தால் செயலிகள் பற்றிய கடைசி வாரத்தைத் தாண்டிவிடு, தேர்வில் அதிலிருந்து ஒரு கேள்வியும் இல்லை. நேரக் கணக்குப் பாடத்துக்கு நான் எழுதிய குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்பட்டுமா? கையெழுத்து அப்படியேதான் இருக்கிறது, புரியாத இடத்தில் போன் பண்ணு, ஆனால் மாதக் கடைசியில் வேண்டாம்.

அன்புடன்,
உன் தோழி