கமலிக்கு, செம்பூரிலிருந்து

அன்புள்ள கமலி,

இங்கே எல்லோரும் நலம். உன் மூட்டுவலிக்கு அந்த எண்ணெய் கேட்டதா? வித்யாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டான். சிசேரியன்தான். மூக்கு அப்படியே நம் தாசில்தார் மூக்கு. பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செல்வி குழந்தைக்குப் புரோபயாட்டிக் என்கிற நல்ல கிருமி போட்ட டப்பா பால் வாங்கலாமா என்று கேட்டாயே, அதைப் போனில் சொல்லி மாளாது. இங்கேயும் அதே பாடுதான். பால் ஊறவில்லை என்று ஆஸ்பத்திரியில் உடனே டப்பா எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை வாயை மார்பில் சரியாகப் பொருத்திக் காட்ட ஒருத்தர் வரவில்லை. வயிறு எரிந்தது எனக்கு. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கியை 1989-ல் டாக்டர் அர்மீடா பெர்னாண்டஸ் தொடங்கியது இதோ, பக்கத்து சயான் ஆஸ்பத்திரியில்தான். அந்த ஊரில் இப்படி!

விலங்கியல் நடத்திய புத்தி சும்மா இருக்குமா? தேடித் தேடிப் படித்தேன். தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடி அதிகம் இருப்பது ஒலிகோசாக்கரைடு என்கிற சர்க்கரைகள். லிட்டருக்கு 5 முதல் 15 கிராம். சீம்பாலில் இன்னும் கூடுதல். பிள்ளையால் அதைச் செரிக்கவே முடியாது! அது அவன் பெருங்குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியா என்கிற நல்ல கிருமிகளுக்கான சாப்பாடு. அவை அதைத் தின்று அமிலம் சுரக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் தலையெடுக்காது. தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் மலத்தில் இந்த நல்ல கிருமியை 1899-லேயே பாரிஸில் ஹென்றி டிசியே கண்டுபிடித்துவிட்டார். பெற்றவள் பிள்ளைக்கு மட்டுமா, அவன் வயிற்றுக் குடித்தனக்காரர்களுக்கும் சேர்த்து அல்லவா உலை வைக்கிறாள்! அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, கமலி.

டப்பாவில் பிரீபயாட்டிக் என்று போட்டிருப்பது இந்தச் சர்க்கரைக்கு மாற்று. பால் சர்க்கரையிலிருந்தும் சிக்கரி வேரிலிருந்தும் எடுப்பார்கள். தாய்ப்பாலில் நூற்றைம்பதுக்கு மேல் வகை. டப்பாவில் ஒன்றோ இரண்டோ. அதைக் குடித்தால் மலம் இளகும், பிஃபிடோபாக்டீரியா கூடும். அந்த அளவுக்கு நல்லதுதான். கடைக்காரர் சொல்கிற மற்றதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்காதே.

புரோபயாட்டிக் வேறு. அது உயிருள்ள கிருமி. ஒடிசா கிராமங்களில் பிறந்த நாலாயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2017-ல் வெளியிட்டார்கள். லாக்டோபேசில்லஸ் வகை ஒன்றை அதற்கான சர்க்கரையோடு ஒரு வாரம் கொடுத்ததில், ரத்தத்தில் கிருமி பரவுவதும் சாவும் சேர்த்து 40 சதவீதம் குறைந்தது. எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அவை தாய்ப்பால் குடித்த, எடை தேறிய குழந்தைகள்.

உன் பேத்தி எட்டு மாதத்தில் பிறந்தவள், கமலி. இதைக் கவனமாகப் படி. குறைமாதக் குழந்தைக்கு அந்த நல்ல கிருமியே ரத்தத்தில் இறங்கி ஆபத்தாகலாம் என்று 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை டாக்டர்களை எச்சரித்திருக்கிறது. அவள் டாக்டர் சொல்லாமல் ஒரு பொட்டலம், ஒரு சொட்டு கொடுக்கக் கூடாது. உன் மாமியார் உரைமருந்துக் கல்லைத் தேடினால் பரண்மேல் ஏற்றிவிடு!

இன்னொன்று. பால் பவுடர் கிருமி நீக்கியது இல்லை. கொதித்த தண்ணீர் அரை மணிக்கு மேல் ஆறுவதற்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சூட்டில் புரோபயாட்டிக்கும் செத்துவிடும். அதனால் சில டப்பாக்களில் வெதுவெதுப்பான நீர் என்று போட்டிருக்கும். குறைமாதக் குழந்தைக்கு நான் சூட்டைத்தான் பார்ப்பேன். கரண்டியைக் கத்தி முதுகால் வழித்து மட்டமாக்கு, கலக்கு, குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்று, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார். பாட்டில் வேண்டாம், பாலாடைக் கிண்ணம் போதும்.

வித்யாவுக்கு இப்போது பால் நன்றாகவே ஊறுகிறது. பிள்ளையை அடிக்கடி மார்பில் போடப் போட வந்துவிட்டது. டப்பா ராத்திரி ஒருவேளை மட்டும்தான். செல்வியையும் விடாமல் முயற்சி செய்யச் சொல். வரவில்லையென்றால் அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, நீ உட்பட.

குழந்தையின் எடை என்ன, டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. அப்புறம், சுப்புவின் கல்யாணம் நிச்சயமானதா?

உன்,
ராஜி