உன் தாளம்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள பாப்பா,

போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். 30 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவன், சொந்த மகளுக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அம்மாவின் பரதநாட்டியப் பள்ளி ஆண்டு விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம். வீடு வீடாக இல்லை. கூடத்தில் சலங்கை, சாப்பாட்டு மேசையில் சவுரி, என் நாற்காலியில் யாரோ ஒரு குழந்தையின் ஒட்டியாணம். தைக்கக் கொடுத்தபோது எடுத்த அளவு இப்போது பாதிப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. மூன்று மாதத்தில் எல்லாம் முருங்கை மாதிரி வளர்ந்திருக்கின்றன. விசிறி மடிப்பைப் பிரித்து இடுப்பை விட்டுத் தைக்கிறாள் அம்மா. கத்ர் போர்ன் சந்தைக்கு வியாழக்கிழமை போய் ஜரிகைக் கரை வாங்கி வந்தது நான்தான். நிறம் சரியில்லையாம்.

மண்டபக்காரர் வேறு, முழு நாள் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, இப்போது மாலை நான்கிலிருந்து ஏழு வரைதான் என்கிறார். மேடை வெறும் சிமெண்ட். ஒத்திகையில் தட்டி மிதித்துக் காட்டிவிட்டு வந்தால் அம்மாவுக்கு இரவெல்லாம் முழங்கால் வலி. சொன்னால் கேட்பாளா?

பெரிய பெண்கள் நால்வருக்கும் ஹெச்.எஸ்.சி. தேர்வு. அக்டோபரிலிருந்து ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை, போன வாரம்தான் வந்தார்கள். பெரிய உருப்படியான வர்ணத்தின் முதல் ஜதி மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வருமே, அதில் இரண்டாம் காலத்துக்கு மேல் கால் போகவில்லை. வர்ணத்தையே விட்டுவிடலாம் என்றேன். "வர்ணம் இல்லாமல் என்ன விழா?" என்று அம்மா முறைத்தாள். கடைசியில் பாதியோடு நிறுத்துவது என்று முடிவு. எனக்கு அது சாம்பார் இல்லாத விருந்து மாதிரித்தான் படுகிறது. ஆனால் சொல்லவில்லை.

சின்னதுகள் தொடக்க உருப்படியான திஸ்ர அலாரிப்பு ஆடுகின்றன. அம்மா "தாம் தித் தாம் தெய் தத் தெய்" என்று சொல்லச் சொல்ல, அதுகள் வாய்க்குள் கிரியோலில் என், தே, த்ருவா என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொள்கின்றன. பாட்டுக்குப் பொருள் சொல்வது என் வேலை. "அழகு" என்று நான் சொன்னது ஒரு குட்டிக்கு "அலகு" என்று கேட்டிருக்கிறது. முருகன் முகத்தில் இரண்டு விரலால் மூக்கை நீட்டிக் காட்டியது! நம் ரூபாய்த் தாளில் தமிழ் இருக்கிறது, பிள்ளைகள் வாயில்தான் இல்லை.

ஆனால் காவடிச் சிந்துக்கு நான் ஒன்றுமே சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வீட்டில் யாராவது காவடி எடுப்பதைப் பார்த்த பிள்ளைகள் அல்லவா? மூலை வீட்டுக் குட்டி, தோளில் ஒன்றுமில்லாமலே, பாதி வழியில் நின்று பாரத்தை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டது. அவள் தகப்பன் கோயில் மேட்டில் ஏறும்போது செய்தது அப்படியே. தாளத்துக்கு ஒரு அட்சரம் பிந்திவிட்டது. அம்மா திருத்தவில்லை. எதையும் விடாதவள், திருத்தவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் தாளத்தை, நீ கையில் பிடித்துத் தட்டும் அந்த ஜோடியை, அம்மா வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாள்.

நீ சென்னைக்குப் போன பிறகு இரண்டு விழாவுக்கும், தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கத்துக்கு அம்மாவே உட்கார்ந்தாள். ஒரு உருப்படி முடிந்ததும் எழுந்து உள்ளே ஓடிப் பிள்ளைகள் உடையில் ஊசி குத்துவாள், மறுபடி ஓடிவந்து உட்காருவாள். இந்த வருஷம் முழங்கால் விடவில்லை. பேக்கரிக்காரர் பேத்திக்குக் கணுக்கால் சுளுக்கி, ஒரு மாதம் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே தொடையில் ஜதி தட்டிக்கொண்டிருந்தாள். அம்மா மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் பீரோவைத் திறந்து அந்தச் சிவப்புப் பையை எடுத்தாள்.

அந்தப் பெண் கொஞ்சம் அழுத்தித் தட்டுகிறாள். உன் கையில் இரும்பும் வெண்கலமும் தொட்டதும் விட்டுவிடுமே, அந்த நயம் இன்னும் வரவில்லை. காலம் மட்டும் தவறுவதில்லை. வெண்கலத்தின் முதுகில் பத்து வயதில் உன் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்து அடி வாங்கினாயே, அதைப் பார்த்துவிட்டு "இது யாருடையது, டீச்சர்?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் அடுத்த ஜதியை ஆரம்பித்துவிட்டாள்.

விழா வீடியோவில் பார்த்து நீ தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தினமும் நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நீயாகக் கேட்காதே, அவளே சொல்லட்டும்.

விழாவுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். டிக்கெட் எடுக்காதே. மார்கழியில் அங்கே இரு. சபாக்களில் பகல் கச்சேரி இலவசம்தானே, உட்கார்ந்து கேள். இங்கே வெயில் கொளுத்துகிறது, புயல் காலமும் தொடங்கிவிட்டது. பூசிய பவுடர் மேடை ஏறுமுன் வழிந்துவிடும்.

மயிலாப்பூர்ப் பக்கம் போனால் ஒரு ஜோடித் தாளத்துக்கு விலை கேட்டு வை. யாருக்கு என்று இப்போது முடிவு செய்ய வேண்டாம்.

அப்பா