அவனாகச் சொல்வதற்கு இடம் கொடு

அன்புள்ள மகளுக்கு,

கவனிக்காமல் விட்ட பிள்ளை தப்பு வழிக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, சோறு, துணி, பள்ளிக் கட்டணம் எதிலும் குறை வைக்கவில்லையே, இதில் எங்கே பிள்ளையைக் கவனிக்காமல் விட்டோம் என்று கேட்டிருந்தாய். மாலையில் அவன் எங்கே, யாரோடு, என்ன செய்கிறான்? மூன்றுக்கும் உனக்குப் பதில் தெரியாத நாட்கள் வாரத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பார். அமெரிக்காவில் பள்ளி நாட்களில் சிறார் வன்முறைக் குற்றங்கள் உச்சத்துக்குப் போவது நள்ளிரவில் அல்ல. பள்ளி விட்ட கையோடு, பிற்பகல் 3 மணியை ஒட்டி.

அடிபட்ட பிள்ளைதான் பின்னாளில் கை நீட்டும் என்பார்கள். கேத்தி விடம் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகி நீதிமன்றம்வரை போன 908 பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் சிறார் பருவத்திலேயே கைதாகியிருந்தார்கள். ஒப்பிட எடுத்த மற்றப் பிள்ளைகளில் 17 சதவீதம். அடியே படாமல் புறக்கணிக்கப்பட்டவர்களிடமும் வன்முறைக் கைதுகள் கூடுதல்தான். (பயந்துவிடாதே, அந்த 908-இலும் நான்கில் மூன்று பேர் அந்த வயதில் கைதாகவில்லை.)

உடனே அவன் போனைக் குடையாதே. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொன்னது. துருவிக் கேட்டுத் தெரிந்தது குறைவு. ஆகவே அவன் வாயைத் திறக்கும் அன்று நீ என்ன செய்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் குறுக்கே பேசாதே. தண்டனையை மறுநாள் சொல். அது சிறியதாக, உன்னால் நிறைவேற்ற முடிந்ததாக இருக்கட்டும்: மூன்று நாள் மாலையில் போன் கிடையாது, அவ்வளவுதான். ஒரு மாதம் என்று கத்திவிட்டு நான்காம் நாள் நீயே சலித்துத் திருப்பிக் கொடுத்தால், உன் பேச்சுக்கு விலை இல்லை என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான்.

நீ வாங்கித் தராத பொருள் பையில் இருந்தால் அன்றே கேள். நண்பன் கொடுத்தான் என்றால் அந்த நண்பனின் வீட்டுக்குப் பேசு. அதற்காகவே நெருங்கிய மூன்று நண்பர்களின் பெற்றோர் எண்கள் உன்னிடம் வேண்டும். திருடியது என்று தெரிந்தால் அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்க வை, நீ கூட நில். பணம் கட்டி மூடி மறைக்காதே. பள்ளிக்கு மட்டம் போட்ட நாளைக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்காதே. மட்டம் போடுவதில்தான் பலருக்கு வழி மாறுகிறது.

மாலைக்கு ஒரு விளையாட்டுப் பயிற்சி பார். பயிற்சியாளர் வருகைப் பதிவு எடுக்கும் இடமாக இருக்கட்டும். பெரியவர் இல்லாமல் பையன்கள் சும்மா கூடும் இடம் காலி வீட்டைவிட மோசம்.

மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கக் கொடு. போனில் உளவு பார்க்கும் செயலியைப் போடலாம் என்றது அவர்தானே?

அன்புடன்,
அம்மா